வீட்டை விட்டு எங்கும் போகாதீர்கள்

விரைவிலாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வாக்காளர் அட்டையிலும் மின்கட்டண ரசீதிலும் பத்திரமாக இருந்தது. வெளியே யாரும் அதைப் புழங்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் கடைத்தெருவில் உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு யாராவது ஒருவர் நெற்றியில் தட்டிக்கொண்டு, "அட, நம்ம டி.வி.யில விரைவில் விரைவில்னு சொல்வாரே, அவரா? நேராப் போய் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்பார்.

உள்ளூர்த் தொலைக்காட்சியில் சிறப்பு ஒளிபரப்புகளுக்கு முன்னோட்டம் தயாரிப்பது அவர் வேலை. மலர்க் கண்காட்சி, பள்ளிகளின் அறிவியல் கண்காட்சி, புதுப் பாலத் திறப்பு, மூத்தோர் ஓட்டப்பந்தயம் என்று ஊரில் எது நடந்தாலும், அது நடப்பதற்கு முன்பே அதன் மேல் ஊருக்கு ஓர் ஆசையை உண்டாக்கிவிட வேண்டும். அதற்கு அவரிடம் இருந்த மூலதனம் அவருடைய குரல். கனமான, கொஞ்சம் கரகரத்த, காதருகே வந்து பேசுவதுபோன்ற குரல்.

அதற்கு முன் அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். ஒரு நாள் வரவேண்டிய பேருந்து எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டது. விரைவிலார் ஒலிபெருக்கியில் அந்தப் பேருந்து எந்த ஊர் தாண்டியிருக்கும், அங்கே இப்போது மழையா வெயிலா, ஓட்டுநர் எப்படிப்பட்ட நிதானக்காரர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். பயணிகள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் தொலைக்காட்சி முதலாளியும் இருந்தார். நேராக அறிவிப்பு அறைக்கு வந்து, "ஏம்ப்பா, வராத பஸ்ஸையே இவ்வளவு ஆசையாச் சொல்றியே, வரப்போற நிகழ்ச்சிய எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டார். அடுத்த மாதமே விரைவிலார் இடம் மாறிவிட்டார்.

தொலைக்காட்சி நிலையம் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. படியேறும்போதே வார்னிஷ் வாடை மூக்கைத் துளைக்கும். ஒலிப்பதிவு அறை என்பது ஓர் ஆள் உட்காரலாம், எழுந்தால் தலை இடிக்கும் என்ற அளவில் ஒரு மூலை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கதவின் உள்பக்கம் ஒரு பழைய மெத்தையை ஆணியடித்து வைத்திருந்தார்கள். மின்விசிறி ஓடினால் அதன் இரைச்சல் பதிவாகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிட வேண்டும். ஆகவே, 'நம் நகரத்தின் மாபெரும் மலர்த் திருவிழா, விரைவில்!' என்று ராஜகம்பீரமாக முழங்குகிறவர் உள்ளே பனியனோடு, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருப்பார். அது பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கத்தரி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிடுவாள் என்பதால் வந்த பெயர். விரைவிலார் பாசத்தோடு நீட்டி முழக்குவதையும் வெட்டுவாள்.

"சார், மூச்சு வாங்குறதெல்லாம் எதுக்கு? அதைத் தூக்கிட்டேன்."

"ஏம்மா, அது மூச்சில்ல. ஏக்கம்."

"ஏக்கம் நீளமா இருக்கு சார். சோப்பு விளம்பரத்துக்கு இடம் வேணாமா?"

முன்னோட்டங்களுக்கெல்லாம் ஒரு வால் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விரைவிலார் ஒரு நல்ல நாளில், நல்ல தொண்டையோடு பதிவு செய்தது அது. 'வீட்டை விட்டு எங்கும் போகாதீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்திலேயே குடும்பத்தோடு கண்டு மகிழுங்கள்!' அதைவிட நன்றாக அவராலேயே மறுபடி சொல்ல முடியவில்லை. ஆகவே எந்த முன்னோட்டம் செய்தாலும் கத்தரி அந்த வாலை எடுத்துக் கடைசியில் ஒட்டிவிடுவாள். ஒட்டுகிறோம் என்கிற நினைப்புகூட இல்லாமல் ஒட்டுவாள். கேட்கிறோம் என்கிற நினைப்பு இல்லாமல் அவரும் கேட்பார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவதுபோல அது பழகிவிட்டது.

வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். "ஊருக்கெல்லாம் கூவுற வாய், வாசப்படி ஏறினா பூட்டிக்கும்" என்பது மனைவியின் தீர்ப்பு. விரைவிலாரின் அண்ணனும் அவர்களோடுதான் இருந்தார். மனைவியை இழந்த பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவர். அண்மையில் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, கூடத்துச் சாய்வு நாற்காலியை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டார். ஒரே மகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். மாலையானால் நகரப் பெண்கள் கைப்பந்து அணியோடு மைதானத்தில் இருப்பாள். வலைக்கு அருகே நின்று, அடிப்பவர்களுக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பது அவள் பொறுப்பு. அணித்தலைவியும் அவள்தான்.

மைதானத்தின் ஒரு பக்கம் சிமென்ட் படிகள் கட்டியிருந்தார்கள். அவற்றில் உட்கார ஆள்தான் இல்லை. விரைவிலார் வேலை இல்லாத நாளில் போய் உட்காருவார். வீராங்கனைகளின் அம்மாக்கள் ஓரிருவர் வருவார்கள். தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் ஒருவரும் தவறாமல் வருவார். அவர் வருவது அங்கே தூணில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக. பந்து தரையில் விழுந்தால் அந்தச் சத்தம் படிகளில் மோதித் திரும்பி வரும்.

அந்த ஆண்டு மாவட்ட இறுதிப் போட்டி இந்த மைதானத்திலேயே நடப்பதென்று முடிவானது. எதிர் அணி துறைமுக ஊர்ப் பெண்கள். அதே வாரம் மகளுக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றல் உத்தரவும் வந்தது. இறுதிப் போட்டிதான் இந்த அணியோடு அவள் ஆடும் கடைசி ஆட்டம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு கண்ணு."

"துறைமுகத்துக்காரங்க எங்க போனாலும் ஒரு பஸ் நிறைய ஆளோட வருவாங்க. எங்களுக்கு எதிரொலிதாம்ப்பா துணை. நான் கிளம்புறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, அந்தப் படி நிறைய ஆள் உக்காந்து பாக்க ஆடணும். பூவைப் பாக்கவே ஊரைக் கூட்டினீங்கல்ல? எங்களைப் பாக்கக் கூட்டுங்க."

விரைவிலார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மகள் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல.

"ஊரே வரும். நீ பந்தைப் பாத்துக்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் முதலாளியிடம் நேரலை கேட்டுப் போனார்.

"வாலிபாலா? யாருப்பா பாப்பாங்க?"

"பாக்க வைக்கிறேங்க."

"உன் பொண்ணு ஆடுதுன்னு சொல்றியா?"

"ஆமாங்க. அதுக்காகவும்தான்."

முதலாளிக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. பிரஷர் குக்கர் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து விளம்பரத்துக்குச் சம்மதிக்க வைத்தார்.

பிறகு விரைவிலார் செய்த வேலையை அந்த நிலையத்தில் இன்றும் பேசுகிறார்கள். முதல் முன்னோட்டத்தில் படமே இல்லை. திரை கறுப்பாக இருக்கும். 'டொப்' என்று ஒரு சத்தம். சற்று இடைவெளி விட்டு இன்னொரு 'டொப்'. அதன்பிறகு அவர் குரல் தாழ்ந்து, 'இது என்ன சத்தம்? விரைவில்...' என்று கேட்கும். முதல் நாளே தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் என்ன நிகழ்ச்சி என்று கேட்டார்கள். மீதிப் பேர் டி.வி. கெட்டுப்போய்விட்டது என்று புகார் சொன்னார்கள். கேபிள்காரர் பாவம், மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்கினார்.

இரண்டாவதில் கைகள் மட்டும் வந்தன. விரல்களில் பிளாஸ்திரி சுற்றிய, மணிக்கட்டு சிவந்த கைகள். மூன்றாவதில்தான் முகங்கள். மகளின் முகத்தைக் கடைசி ஆளாக வைத்தார். அதையும் கத்தரி சொல்லித்தான் வைத்தார். "கேப்டன் இல்லாமப் போடுவீங்களா? உங்க பொண்ணுங்கறதுக்காக அவளுக்குத் தண்டனையா சார்?" என்று அவள் சண்டை பிடித்தாள். திரையின் அடியில் எந்நேரமும் ஒரு வரி ஓடியது. எந்த அணி எத்தனை செட்டில் வெல்லும் என்று சரியாகச் சொல்பவருக்கு ஒரு குக்கர் பரிசு. செய்தி வாசிக்கும் அம்மாள் செய்தியின் முடிவில் ஒரு பந்தைத் தட்டிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அவர் தட்டிய தட்டில் பந்து எகிறி, மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து, வானிலை அறிக்கைத் தாளை நனைத்துவிட்டது. நேரலையில் நடந்ததால் வெட்டக் கத்தரிக்கு வழியில்லை. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் முதல் சந்தையில், முடிதிருத்தகத்தில், மருத்துவமனை வரிசையில் எல்லாம் வாலிபால் பேச்சுதான்.

எல்லா முன்னோட்டங்களின் கடைசியிலும் வால் இருந்தது.

போட்டி நாள் மாலை விரைவிலார் சலவைச் சட்டையோடு மைதானத்துக்குப் போனார். கோட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு மேசை, ஒலிவாங்கி, காதில் மாட்டக் கருவி. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே அடுத்து வரும் நிகழ்ச்சிகளையும் குக்கர் விளம்பரத்தையும் வாசிக்க வேண்டும். நெட்டை என்று அழைக்கப்பட்ட கேமராக்காரர் ஒரு வேனின் கூரைமேல் நின்றார்.

துறைமுகத்துப் பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து ஊதலும் கொடியுமாக இறங்கியவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். நம் பக்கத்துப் படிகளில் காய்கறிக்காரர் இருந்தார். வேறு யாரும் இல்லை. எப்போதும் வரும் அம்மாக்கள்கூட இல்லை.

நெட்டை மேலேயிருந்து கேட்டார். "சார், அப்பப்ப கூட்டத்தைக் காட்டச் சொன்னீங்களே, எந்தக் கூட்டத்தை?"

"பொறுப்பா. வந்துட்டிருப்பாங்க."

மகள் வலைக்கு அருகே வந்து படிகளைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

விரைவிலார் கைப்பேசியை எடுத்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

"எங்கம்மா இருக்கே?"

"வீட்லதாங்க. மாடி வீட்டுக்காரங்க, எதிர்வீட்டுக்காரங்க எல்லாம் நம்ம வீட்லதான். உக்கார இடமில்ல. நம்ம கண்ணு முகம் எவ்வளவு பெரிசாத் தெரியுது தெரியுமா?"

"நீ ஏன் இங்க வரல?"

"நல்லாக் கேட்டீங்க! வீட்டை விட்டு எங்கும் போகாதீங்கன்னு பத்து நாளா நீங்கதானே கத்திக்கிட்டிருந்தீங்க?"

விரைவிலார் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றார். அந்த வாலை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். மைதானம் எங்கே இருக்கிறது, எந்த வழியாக வருவது, உள்ளே வரக் கட்டணம் உண்டா இல்லையா, இவற்றில் ஒன்றைக்கூட எந்த முன்னோட்டத்திலும் அவர் சொல்லவில்லை. ஊரைக் கூட்டு என்று மகள் கேட்டாள். கூட்டத்தான் செய்தார், ஊர் முழுவதும் கூடத்தில் கூடியிருந்தது. யாரையும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வாருங்கள் என்று அழைத்து அவருக்குப் பழக்கமே இல்லை. துறைமுகத்துக்காரர்கள் வந்ததற்குக் காரணம், அவர்கள் ஊரில் இந்த டி.வி. தெரியாது.

முதல் செட்டில் நம் பெண்கள் தோற்றார்கள். எதிரணியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஊதல் பறந்தது. நம் அணி எடுத்த புள்ளிகளுக்குக் காய்கறிக்காரர் ஒற்றை ஆளாகக் கைதட்டினார். அதுவும் ஒரு கையில் கைப்பேசியோடு.

இடைவேளை வந்தது. காதில் கத்தரியின் குரல் கேட்டது. "சார், நீங்க பேசலாம். மொதல்ல குக்கர்."

மேசைமேல் வாசிக்க வேண்டிய தாள் இருந்தது. விரைவிலார் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"நேயர்களே! இப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மாவட்ட இறுதிப் போட்டியின்..." என்று வழக்கமான குரலில் தொடங்கினார். நடுவில் அந்தக் குரல் அவரைக் கைவிட்டது. வீட்டில் பேசுகிற குரல் வந்தது. "இத பாருங்க. நான்தான் உங்களை வீட்டை விட்டுப் போகாதீங்கன்னு சொன்னேன். தப்பு. எந்திரிச்சு வாங்க. டி.வி.யை அணைச்சுட்டு வாங்க. இங்க படியெல்லாம் காலியாக் கெடக்கு. பிள்ளைங்க ஆளில்லாம ஆடுதுங்க. டிக்கெட் கிடையாது. போட்ட துணியோட வாங்க."

"சார்!" கத்தரி காதுக்குள் அலறினாள். "என்ன சார் பேசறீங்க! அணைக்கச் சொல்றீங்க!"

அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார். "சொல்லிட்டேம்மா. இப்ப என்ன பண்ணலாம்?"

காதில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த வாசல்னு சொல்லுங்க சார். சந்தைப் பக்கத்து கேட் பூட்டியிருக்கு. தண்ணித் தொட்டிப் பக்கமா வரச் சொல்லுங்க. நான் கீழ ஓட விடறேன்" என்றாள்.

அவர் தண்ணீர்த் தொட்டி வழியைச் சொன்னார். திரையின் அடியிலும் அந்த வரி ஓடத் தொடங்கியது. மேசைமேல் இருந்த அவருடைய கைப்பேசி துடிக்க ஆரம்பித்தது. முதலாளி. விரைவிலார் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். இந்த வேலை இன்றோடு சரி என்றுதான் நினைத்தார். பேருந்து நிலையத்தில் தன் பழைய நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் ஒரு யோசனை ஓடியது.

முதலில் வந்தது ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும். பின்னாலேயே ஒரு குடும்பம். அப்புறம் தெருத்தெருவாக வந்தார்கள். தலையில் ஈரத்துண்டு சுற்றிய பெண், கையில் கரண்டியோடு ஒருத்தி, பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்ட ஆள், அவருக்குப் பின்னால் கத்தியோடு முடிதிருத்துபவர். செய்தி வாசிக்கும் அம்மாள் வந்தபோது கூட்டமே எழுந்து, "பந்தைத் தொடாதீங்கம்மா!" என்று கத்தியது. குக்கர் கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தன் விளம்பரம் அப்போது ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்க வீடுகளில் ஆளும் இல்லை. முதலாளியும் வந்தார். விரைவிலாரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வேகமாக வந்தவர், கூட்டத்துக்குள் மாட்டி முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், படியின் நடுவில் ஒரு பருத்த மனிதருக்கும் ஒரு குடைக்கும் இடையே நின்றார்.

இரண்டாவது செட்டிலும் நம் பெண்கள் தோற்றார்கள். அதற்குக் காரணம் வேறு. மகள் வியர்வை சொட்ட மேசைக்கு ஓடிவந்தாள்.

"அப்பா, ஒண்ணுமே கேக்கலப்பா! நான் யாருக்குப் பந்து போடறேன்னு கத்திச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். தொண்டை கிழியக் கத்தறேன், பக்கத்துல நிக்கறவளுக்கே கேக்கல. எங்களுக்குச் சத்தத்துல ஆடத் தெரியாதுப்பா!"

"ஐயையோ. கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லட்டுமா?"

"சொன்னீங்க, அவ்வளவுதான்!" என்றாள் மகள். குறை சொல்ல வந்தவளின் முகம் முழுக்கச் சிரிப்பு வழிந்தது. ஓடிப்போய்த் தோழிகளை வட்டமாகக் கூட்டி, முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கிக் காட்டினாள். ஒரு விரல் என்றால் முன்னால், இரண்டென்றால் பின்னால். வாயை மூடிக்கொண்டு ஆடுவதென்று முடிவு செய்தார்கள்.

மூன்றாவது செட் நம்முடையது. நான்காவது செட்டின் நடுவில் விரைவிலாரின் சட்டைப்பை மறுபடி துடித்தது. எட்டிப் பார்த்தார். அண்ணன்.

"டேய், கால் உடைஞ்சவனைத் தனியா விட்டுட்டு உன் பொண்டாட்டி ஓடிட்டாடா. தெருவே காலி. எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல உன் டி.வி.யைப் பாக்கறவன் நான் ஒருத்தன்தான்."

"படம் நல்லா வருதாண்ணே?"

"படமெல்லாம் நல்லாத்தான் வருது. ஆனா உன் கேமராக்காரன் கூட்டத்தையே காட்டிட்டிருக்கான். பந்தைக் காட்டச் சொல்லுடா! உன் பொண்ணை எங்கடா?"

விரைவிலார் நிமிர்ந்து பார்த்தார். நெட்டை உண்மையிலேயே கேமராவைப் படிகளின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வாயைப் பிளந்தபடி நின்றார். "யோவ் நெட்டை! எங்க அண்ணன் திட்டறாரு. பந்தைக் காட்டு!" என்று விரைவிலார் கத்தினார். அது நேரலையில் போய்விட்டது. கேட்டவர் அண்ணன் ஒருவர்தான் என்பதால் யாரும் புகார் செய்யவில்லை.

நான்காவதும் நம்முடையது. ஐந்தாவது செட்டில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டே ஏறின. கடைசிப் பந்தைத் துறைமுகத்து உயரமான பெண் ஓங்கி அடித்தாள். மகள் பாய்ந்து கையை நீட்டினாள். பந்து அவள் விரல்களில் பட்டு, வேன்வரை பறந்து விழுந்தது.

நடுவர் ஊதி, துறைமுகத்து அணியின் பக்கம் கையை நீட்டினார். படிகளில் இருந்தவர்களில் பலர் அன்றுதான் முதல்முதலாகக் கைப்பந்து ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள். அவ்வளவு தூரம் பறந்த பந்து நல்லதற்குத்தான் பறந்திருக்கும் என்று நினைத்து எழுந்து ஆர்ப்பரித்தார்கள். விவரம் தெரிந்தவர்களும் அவர்களோடு சேர்ந்து எழுந்தார்கள். துறைமுகத்துப் பெண்கள் தங்களுக்குத்தான் இவ்வளவு கைதட்டலா என்று திகைத்து, வலைக்கு அடியில் புகுந்து வந்து நம் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள்.

முதலாளி ஒருவழியாக மேசையை வந்தடைந்தார். சட்டை கசங்கி, ஒரு பொத்தானைக் காணவில்லை. வைத்திருந்த கேள்விகளையும் வழியில் தொலைத்துவிட்டார் போலிருந்தது. "நாளைக்குக் காலைல வா, பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, "அந்த விரல் மடக்கிக் காட்டினது உன் பொண்ணுதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ம்" என்றார் முதலாளி. மறுபடி கூட்டத்துக்குள் போனார்.

மனைவி மூச்சிரைக்கக் கோட்டுக்குள்ளேயே ஓடிவந்துவிட்டாள். மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "ஜெயிச்சுட்டோம்லடி?" என்றாள்.

"இல்லம்மா, தோத்துட்டோம்."

"தோத்துட்டோமா! அப்புறம் ஏண்டி இப்படிச் சிரிக்கறே?"

மகள் அம்மாவின் தோள்களைப் பிடித்துப் படிகளின் பக்கம் திருப்பி நிறுத்தினாள். விளக்கு வெளிச்சத்தில் மேல் படியிலிருந்து கீழ்ப் படிவரை ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆட்டம் முடிந்து நெட்டை கேமராவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.